எண்ணெய்க்கு முன் வெந்நீர்

சலூனில் முடிவெட்டி முடித்ததும் கடைக்காரர் மெஷினை அப்படியே மாட்டிவிட மாட்டார். பல்லில் சிக்கிய முடியைச் சின்ன பிரஷால் தட்டிவிட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு நொடி ஓடவிட்ட பிறகே ஆணியில் தொங்கவிடுவார். அந்த மெஷினுக்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு. ஆஸ்திரேலியாவின் செம்மறிக் கொட்டகைகளில் கம்பளி கத்தரிக்கும் ‘ஹேண்ட்பீஸ்’தான் அது. தம்பிக்குப் போதுமான அந்த இரண்டு சொட்டு எண்ணெய் அண்ணனுக்குப் போதாது. காரணம் ஆட்டின் வியர்வை.

அயர்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்த்த ஃபிரெடெரிக் வோல்ஸ்லி, கம்பளி கத்தரிக்கும் இயந்திரத்துக்கு 1877இல் காப்புரிமை பெற்றார். நியூ சவுத் வேல்ஸில் டார்லிங் ஆற்றையொட்டிய டன்லப் பண்ணையில் 1888ஆம் ஆண்டு மந்தை முழுவதையும் இயந்திரத்தாலேயே கத்தரித்து முடித்தார்கள். இந்த இயந்திரத்தை மேம்படுத்திய இளம் பொறியாளர் ஹெர்பர்ட் ஆஸ்டின்தான் பின்னாளில் ஆஸ்டின் கார்களைத் தயாரித்தவர்.

சீப்பும் கட்டரும்

அமைப்பு எளிமையானது. அடியில் நீண்ட பற்களுள்ள சீப்பு. அது அசையாது, கம்பளிக்குள் புகுந்து மயிரைப் பிரித்து நிறுத்தும். அதன் மேல் சில முனைகளே கொண்ட கட்டர் இடமும் வலமும் ஓடும். சுழலும் தண்டின் சுற்றை ஒரு கவை பக்கவாட்டு ஓட்டமாக மாற்றி, நிமிடத்துக்கு 2,000 தடவைக்கு மேல் கட்டரை ஆட்டுகிறது. இரண்டையும் சேர்த்து அழுத்துவது கைப்பிடியின் மேலுள்ள இறுக்கு நட்.

கத்தரிப்பவரின் அனுபவம் முழுவதும் அந்த நட்டைத் திருகும் விரலில்தான் தெரியும். தளர்வாக இருந்தால் மயிர் வெட்டுப்படாமல் இரண்டு தகடுகளுக்கும் நடுவே மடிந்து நுழையும். கருவி இழுக்கும், ஆடு துள்ளும், தோல் கிழியும். அதிகமாக இறுக்கினால் உரசல் கூடி உலோகம் சுடும். சூடான சீப்பு ஆட்டின் தோலைச் சுடுவதோடு தன் கூர்மையையும் விரைவில் இழக்கும். அதனால்தான் வேலைக்கு நடுவே அடிக்கடி எண்ணெய் விடுகிறார்கள். சாணைத் தட்டில் தீட்டும்போதும் இதே கவனம் வேண்டும். உருக்கின் விளிம்பில் நீலம் படர்ந்தால் அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். பதம் போன அந்த விளிம்பு எத்தனை தடவை தீட்டினாலும் பழைய கூர்மையைத் தாங்கி நிற்காது.

மெழுகும் உப்பும்

வேலை நடக்கும்போது வரும் கேடு கண்ணுக்குத் தெரியும். கருவி ஓய்ந்திருக்கும்போது வரும் கேடு தெரியாது. செம்மறியின் தோல் இரண்டு பொருள்களைச் சுரக்கிறது. ஒன்று கம்பளி மெழுகு. சுத்திகரித்தால் அதுவே முகப்பூச்சுகளில் சேரும் லனோலின். மற்றொன்று வியர்வை. அதில் பொட்டாசியம் உப்புகள் நிறைந்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கம்பளி கழுவிய நீரை வற்றவைத்துப் பொட்டாஷ் எடுக்கும் தொழிலே நடந்திருக்கிறது என்றால், எவ்வளவு உப்பு என்று பார்த்துக்கொள்ளலாம்.

மெழுகு மண்ணெண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. உப்பு தண்ணீரில் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெயில் மட்டும் அலசிய சீப்பு பளபளவென்று சுத்தமாகத் தெரியும். ஆனால் அதன் மேல் உப்பு இருக்கும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தன்னைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், துருப்பிடிக்கும் மின்வேதி வினையும் விரைவாக நடக்கும். உப்பின் மேலேயே எண்ணெய் பூசினால், பகைவனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியதாகிவிடும்.

ஆகவே வரிசை முக்கியம். மின்சாரத்தில் ஓடும் கருவியானால் முதலில் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். இறுக்கு நட்டைத் தளர்த்திச் சீப்பையும் கட்டரையும் கழற்ற வேண்டும். மெழுகையும் சிக்கிய மயிரையும் பிரஷும் மண்ணெண்ணெயும் கொண்டு எடுத்த பின், கழற்றிய அந்த இரண்டையும் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவ வேண்டும். சூடான உலோகம் சீக்கிரம் உலரும். ஈரம் துளியும் இல்லாமல் துடைத்த பிறகுதான் எண்ணெய். மோட்டாரோடு சேர்ந்த கைப்பிடியை நீரில் முக்கவே கூடாது. லேசாக நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டு, மூட்டுகளுக்கும் கவைக்கும் எண்ணெய் விட்டால் போதும்.

சீப்பையும் கட்டரையும் கழற்றாமல் பெட்டியில் போடுவது பெரிய தவறு. ஒட்டி அழுந்தியிருக்கும் இரண்டு தகடுகளின் இடுக்கு மயிரிழையைவிடக் குறுகியது. அதற்குள் உறிஞ்சப்பட்ட ஈரம் எளிதில் வெளியேறாது. துரு அங்கேதான் ஆழமாகக் குழி பறிக்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. பகலில் தகர ஷெட் கொதித்து இரவில் குளிரும்போது, பைக்குள் அடைபட்ட காற்றிலுள்ள ஈரம் உலோகத்தின் மேல் வியர்த்து நிற்கும். எண்ணெயில் நனைத்த துணியில் சுற்றி, உலர்ந்த இடத்தில் வைப்பதே நல்லது.

அடுத்த ஆட்டுக்காக

சுத்தம் கருவிக்கு மட்டும் நன்மை செய்வதில்லை. ‘கோரினிபாக்டீரியம் சூடோடியூபர்குளோசிஸ்’ என்ற பாக்டீரியா செம்மறிகளின் நிணநீர்க் கணுக்களில் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகிறது. ஓர் ஆட்டின் கட்டி கத்தரிக்கும்போது கிழிந்தால், சீழ் பட்ட சீப்பு வழியாக அடுத்த ஆட்டின் வெட்டுக்காயத்துக்குள் கிருமி போய்ச் சேரும். அதனால் சீழ் பட்டவுடன் கருவியைக் கிருமிநீக்கம் செய்துவிட வேண்டும்; ஒரு மந்தையிலிருந்து இன்னொரு மந்தைக்குப் போவதற்கு முன்பும் அப்படியே.

சீப்பின் முகத்தில் துருக்குழி ஒன்று விழுந்துவிட்டால், அதன் ஆழம்வரை முகம் முழுவதையும் சாணையில் தேய்த்தெடுத்தால்தான் விளிம்பு மறுபடி நேராகும். பல நூறு ஆடுகளைக் கத்தரித்துத் தேயவேண்டிய உருக்கு, ஓர் ஆட்டைக்கூடத் தொடாமல் பொடியாகக் கொட்டிப் போகிறது. தேய்க்காமல் அப்படியே ஓட்டினாலோ, இழுபடும் மயிரின் வலியை முதலில் அறிவது அடுத்த பருவத்தின் முதல் ஆடு. வாயில்லா அந்த உயிருக்காகவாவது, பருவத்தின் கடைசி நாளில் பெட்டியை மூடுமுன் ஒரு குவளை வெந்நீர் வைத்துக்கொள்ள வேண்டும்.