கவ்வியதை விடுமா உங்கள் வீட்டு நாய்?

“அம்மா! டைகர் வாயில பாப்பாவோட சாக்ஸ்!”

பெரியவன் கத்திய கத்தலில், அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் ஓடினேன். கட்டிலுக்கு அடியில் எங்கள் அல்சேஷன், சாக்ஸைக் கவ்வியபடி படுத்திருக்கிறது. ஒன்றரை வயதுச் சின்னவள் குப்புறப் படுத்து, மறுமுனையைப் பிடித்து இழுக்கிறாள். நாயின் தொண்டையிலிருந்து ‘உர்ர்’ என்று ஒரு சத்தம். அதுவரை டைகரிடம் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. குழந்தையை வாரித் தூக்கினேன். சாக்ஸ் என்ன ஆயிற்று என்கிறீர்களா? விழுங்கிவிட்டது! அப்படியே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடி, ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தோம்.

“கொஞ்சம் லேட்டா வந்திருந்தா வயித்தைக் கிழிக்க வேண்டியிருந்திருக்கும்மா” என்றார் டாக்டர்.

“யாருக்காவது குடுத்துடலாம்” என்றார் என் கணவர். “நான் அப்பவே சொன்னேன்” என்றார் மாமியார். அவர் எதையும் அப்பவே சொன்னவர்தான்.

அன்று எங்களுக்குக் கை கொடுத்தவர் மாடி வீட்டு சுபேதார் மாமா. மீரட்டில் ராணுவ நாய்களோடு பல வருஷம் இருந்தவர். “ஏம்மா, நீ புடுங்கப் புடுங்க அது கெட்டியாத்தானே புடிக்கும்? விட்டா நஷ்டம்னு அதுக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்திருக்கீங்க!” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். செருப்பைக் கவ்வினால் வீடே துரத்தும். துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. பிடித்துவிட்டால் வாயைப் பிளந்து பிடுங்குவோம், முதுகில் ஒரு அடியும் வைப்போம். பிறகு எப்படித் தானாக விடும்?

ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு நாய்ப் போட்டி உண்டு என்று மாமா சொன்னார். நம்மூரில் அல்சேஷன் என்கிறோமே, அந்த ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துக்கு 1899-ல் சங்கம் ஏற்படுத்தியவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை கேப்டன். நாய் அழகாக இருந்தால் போதாது, வேலைக்கு லாயக்காகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த எண்ணத்தில் வளர்ந்ததுதான் ‘ஷுட்ஸ்ஹுண்ட்’ போட்டி. 2019 முதல் அதன் பெயர் ஐ.ஜி.பி. (போலீஸ் ஐ.ஜி. என்று நினைத்துவிடாதீர்கள்!) மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண்.

பாதுகாப்புப் பகுதியில், கையில் தடித்த உறை மாட்டிய ஒருவரை நாய் பாய்ந்து கவ்வ வேண்டும். அவர் அசையாமல் நின்றதும் எஜமானர் ‘அவுஸ்’ என்பார். உடனே நாய் பிடியை விட வேண்டும். விடாவிட்டால் இன்னும் இரண்டு தடவை சொல்லலாம், மதிப்பெண் குறையும். அதற்கும் விடாத நாய் போட்டியை விட்டே வெளியே! எவ்வளவு வீரமாகக் கவ்வியிருந்தாலும் சரி.

இதைக் கற்றுக்கொடுக்கும் வழிகளில் மாமா சொன்ன வழி அடிதடி இல்லாதது. அதைத்தான் வீட்டில் செய்தோம்.

கிழிந்த வேட்டியை முறுக்கி, ஒரே மாதிரி இரண்டு கயிறு செய்தேன். ஒன்றைக் காட்டி நாயோடு இழுபறி விளையாட வேண்டும். அரை நிமிஷம் ஆனதும் சட்டென்று நிறுத்தி, கயிற்றை இரண்டு கையாலும் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்க வேண்டும். இழுக்கக் கூடாது, பேசக் கூடாது. கயிற்றில் உயிர் போய்விட்டதாக நாய்க்குத் தோன்றும். ஆட்டிப் பார்க்கும், என் முகத்தைப் பார்க்கும், கடைசியில் சலித்துப்போய் வாயைத் திறக்கும். திறந்த அந்த நொடியே “சபாஷ்!” என்று சொல்லி மறுபடி விளையாட்டைத் தொடங்க வேண்டும். இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. விட்டால் போய்விடாது, விட்டால்தான் மறுபடி கிடைக்கும் என்று அதற்குப் புரிய வேண்டும். நிற்க முடியாமல் தொங்கித் தொங்கி இழுக்கிறதா? இரண்டாவது கயிற்றை ஆட்டுங்கள். இதை விட்டு அதற்கு ஓடி வரும்.

முதல் நாள் டைகர் விடுவதற்குள் என் இடுப்பே விட்டுப்போயிற்று. நாலாம் நாள், நான் நின்றதுமே விட்டது. அதற்கப்புறம்தான் வார்த்தை. வாயைத் திறக்கப்போகிறது என்று தெரிகிற சமயத்தில், ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். நாய்க்கு அலுப்பதற்கு முன் முடித்துவிடுங்கள்.

எந்த வார்த்தை? ‘விடு’ என்றுதான் ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் நாள் முழுக்க “அவனை விடுடா”, “போனா விடும்மா” என்றுதான் பேச்சு. நாய் என்ன செய்யும் பாவம்! ஜெர்மன் வார்த்தையையே வைத்துக்கொண்டோம். மாமியார் மட்டும் “அவுறு” என்பார். எல்லோரும் ஒரே வார்த்தை சொல்லாவிட்டால் பலிக்காது என்று அவரைக் கெஞ்சி ‘அவுஸ்’ சொல்ல வைத்தோம்.

செருப்பு, சாக்ஸுக்குப் பண்டமாற்று. வேக வைத்த முட்டைத் துண்டை மூக்கருகே காட்டினால் வாய் திறக்கும். பொருள் ஆபத்தில்லாததாக இருந்தால், முட்டையைக் கொடுத்த பிறகு அதையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம்பிக்கை வளரும்.

இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாய் உறுமினால் அதை அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்து அதை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். முதலில் குழந்தையை அப்புறப்படுத்துங்கள். நாலு துண்டு தின்பண்டத்தைத் தள்ளித் தூக்கிப் போடுங்கள். நாய் எழுந்து போனதும் பொருளை எடுங்கள். உறுமல் வழக்கமாகிவிட்டால் கைவைத்தியம் வேண்டாம்; கால்நடை மருத்துவரையோ நல்ல பயிற்சியாளரையோ பாருங்கள். இழுபறி விளையாட்டு பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைக்கு ஒரே பாடம்: நாயின் வாயிலிருந்தோ தட்டிலிருந்தோ எதையும் எடுக்கக் கூடாது.

பல் பட்டுவிட்டால், அது வீட்டு நாயே ஆனாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள்.

நாய்க்கு ஆகாததும் நம் வீட்டில் நிறைய இருக்கிறது: சாக்லேட், உலர்ந்த திராட்சை, வெங்காயம், பாராசிட்டமால் மாத்திரை, சமைத்த எலும்பு, சோளக்கட்டை. விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், அதுவே ஆபத்து. நேரே டாக்டர்தான்.

கயிறு முறுக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். மாம்பழ சீசன். பாப்பா சப்பிவிட்டு எறிந்த மாங்கொட்டையை டைகர் லபக்கென்று கவ்வியது. அது குடலில் போய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கை கால் உதறியது, ஆனாலும் துரத்தவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து மாமியார் குரல்: “அவுஸ்!”

கொட்டை தொப்பென்று தரையில் விழுந்தது. நான் முட்டை எடுக்க உள்ளே ஓடினேன்.