எல்லோருக்கும் ஓர் அறை

எங்கள் தில்லிக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று. தரைத்தளத்தில் சும்மா கிடந்த ஓர் அறையைப் பிரார்த்தனை அறையாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சர்வமத ஒற்றுமை என்றெண்ணி, பிள்ளையார், ஏசுநாதர், மெக்கா படங்களை வரிசையாக மாட்டி, ஊதுவத்தியும் ஏற்றி வைத்தேன்.

ஒரே வாரத்தில் கசப்பு தொடங்கியது. எந்தப் படம் நடுவில் இருக்க வேண்டும் என்று மாடிவீட்டு மாமா கேட்டார். நாகூர்க்காரரான பாய் ஒன்றும் சொல்லாமல் வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் அவை. உருவப் படங்களுக்கு எதிரில் தொழுவது அவர்கள் வழக்கமில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவருக்கு அமைதி மிகவும் தேவைப்பட்ட வேளையில் நான் அமைத்த அறை உதவவில்லை.

அந்த உறுத்தலோடு ஒருநாள் கால்காஜி அருகிலுள்ள தாமரைக் கோயிலுக்குப் போனேன். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் நாம் தவறாமல் காட்டும் இடம்தான்; இம்முறை வேறு கண்ணோடு பார்த்தேன். ஈரானியக் கட்டடக் கலைஞர் ஃபரிபோர்ஸ் சாபா வடிவமைத்த இந்தப் பஹாய் வழிபாட்டு இல்லம் 1986 டிசம்பரில் திறக்கப்பட்டது. 27 இதழ்கள், 9 பக்கங்கள், 9 வாயில்கள், சுற்றிலும் 9 குளங்கள். குளத்து நீரைத் தழுவிக் குளிர்ந்த காற்று கீழ்த்தளம் வழியே நுழைய, சூடான காற்று உச்சி வழியே வெளியேறுகிறது. உள்ளே சிலையில்லை, படமில்லை. சொற்பொழிவும் சடங்கும் இல்லை. எந்த மதத்தின் மறையையும் ஓதலாம், பாடலாம். வாத்தியம் மட்டும் கூடாது. மேலிருந்து இறங்கும் வெளிச்சமும் மௌனமும்தான் அங்கே அலங்காரம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லோருடைய அடையாளங்களையும் அடுக்கினால் போட்டி வருகிறது. பொதுவானதை மட்டும் வைத்தால், அவரவர் தம்முடையதைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லலாம்.

அறையை மாற்றினோம். படங்களை இறக்கி, சுவருக்கு வெளிர்நிறம் பூசினோம். கண்ணைக் கூசும் குழல்விளக்குக்குப் பதில் மெல்லிய மஞ்சள் ஒளி. தரையில் ஜமக்காளம்; முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி. வாசலுக்கு வெளியே செருப்பு வைக்கும் தட்டு, கைகால் கழுவக் குழாய். அவரவர் நூலும் ஜெபமாலையும் வைக்கக் கதவுள்ள அலமாரி. தில்லியிலிருந்து மெக்கா ஏறக்குறைய நேர் மேற்கு. அந்தச் சுவரை வெறுமையாக விட்டோம். கிழக்கு மூலையில் ஒரு மாடம். விளக்கேற்றுபவர் கிளம்பும்போது குளிரவைத்துவிட வேண்டும். புகை சிலருக்கு மூச்சுத் திணறலைத் தருவதால் ஊதுவத்தி கிடையாது. பேச்சும் கைப்பேசியும் வாசலோடு நிற்கும்.

பாயிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் மாலை அவர் மேற்கு நோக்கித் தொழுதுகொண்டிருந்தார். பின்னால் நாற்காலியில் மாமா கண்மூடி ஜபம் செய்துகொண்டிருந்தார்.

உங்கள் குடியிருப்பிலும் இப்படியோர் அறைக்கு இடமிருந்தால், படம் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் யார் யார் வருவார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.