பல்லி விழுந்த பலன்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பல பட்டுக் கடைகளில் இன்னமும் வியாபாரம் தரையில்தான். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே மலை மாதிரி விரிகிற புடவைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். 2025 ஆனி மாதம், மச்சினி கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம். உட்கார்ந்தேன். அதில் ஒரு சிரமமும் இல்லை, புவியீர்ப்பு விசை பார்த்துக்கொண்டது. எழுந்திருக்கத்தான் இரண்டு சேல்ஸ்மேன்கள் தேவைப்பட்டார்கள். வலது கைக்கு ஒருவர், இடது கைக்கு ஒருவர்.

"பார்த்து ஸார், ஜரிகை மேல கால் பட்டுடப் போவுது!"

அவர் கவலை அவருக்கு. மச்சினி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, அவசரமாக ஒரு மாம்பழக் கலர் புடவையைத் தடவிப் பார்த்தாள் பாருங்கள், அதுதான் இரண்டு நாள் தூங்க விடவில்லை.

அப்போது என் வயது 36, எடை 104 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனக்கு 36. வயதும் அதுவும் ஒன்றாக இருப்பதில் எனக்கு என்னவோ ஒரு அற்ப சந்தோஷம். டாக்டருக்கு இல்லை. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்று கணக்கு.

"நான் ஒண்ணும் புதுசா குண்டாகலையே டாக்டர், ரொம்ப நாளா இப்படித்தான்..."

"அப்பாவுக்கு சுகர் உண்டா?"

இங்கேதான் என் வாய் மூடிக்கொண்டது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில் குழித்தறி இருந்தது. காலையில் குழியில் கால் வைத்தாரென்றால் அப்பா ராத்திரிதான் முழுசாக வெளியே வருவார். கால் மிதியில், கை நாடாவில். கோர்வைப் புடவை என்றால் மறுபக்க நாடாவைத் தள்ள நான். அப்பா குண்டு கிடையாது. கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் சின்னச் சொம்பைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். 44 வயதில் சுகர் வந்தது. 58-ல் வலது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு மிதி அழுத்த முடியவில்லை. தறி நின்றது. 61-ல் அவரும்.

ஒல்லியானவருக்கு எப்படி சுகர்? இதற்குப் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் ஒரு பதில் வைத்திருக்கிறார். அவரும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் தங்கள் இரண்டு பேர் படத்தையும் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! வெளியே ஒல்லி, உள்ளே குண்டு. அப்பா அந்த ஜாதி. நான் உள்ளேயும் வெளியேயும் ஒளிவு மறைவு இல்லாதவன்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எனக்கு 6.3. 6.5 தொட்டால் நானும் அப்பா கட்சி. சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றி நடந்து, சிறுதானியம் தின்று, சீரகத் தண்ணீர் குடித்து, ஐந்து கிலோ குறைத்து ஏழு கிலோ ஏற்றிய என் சரித்திரத்தைக் கேட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "வாரத்துக்கு ஒரு ஊசி. போட்டுப் பார்ப்போமா?"

இந்த ஊசியின் கதையில் ஒரு பல்லி வருகிறது. காஞ்சிபுரத்துக்காரனுக்குப் பல்லி புதுசா? வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொடுவதற்கு எங்கெங்கிருந்தோ வந்து வரிசையில் நிற்கிறார்கள், பல்லி விழுந்த தோஷமெல்லாம் போகும் என்று. இது அமெரிக்கப் பல்லி. 'கிலா மான்ஸ்டர்' என்று பெயர், விஷமுள்ளது, வருஷத்தில் சில தடவை சாப்பிட்டாலே போதும் என்று பாலைவனத்தில் படுத்துக் கிடக்கிற பிராணி. அதன் விஷத்தில் ஒரு பொருளை நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஜான் எங் 1992-ல் கண்டுபிடித்துச் சொன்னார். நாம் சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. 'போதும், எழுந்திரு' என்று மூளைக்குச் சொல்லும், இன்சுலினைச் சுரக்கச் சொல்லும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பாவம், அதற்கு ஆயுசு ஓரிரு நிமிஷம்தான். பந்தியில் நாம் மூன்றாவது வடையைக் கேட்பதற்குள் காலமாகிவிடும். பல்லியின் பொருளோ அதே வேலையைச் செய்துகொண்டு மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தது. அதிலிருந்து வந்த சர்க்கரை நோய் ஊசிக்கு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இப்போதைய ஊசிகளில் பல்லி கிடையாது. மனித ஹார்மோனையே மாற்றியமைத்து வாரக்கணக்கில் நிற்க வைத்திருக்கிறார்கள். செமாக்ளூடைட் ஒன்று. 1,961 பேரை வைத்துச் செய்த சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக எடையில் சுமார் 15 சதவிகிதம் குறைந்தது. இன்னொன்று டிர்ஸெபடைட். அதன் பெரிய டோஸில் 72 வாரத்தில் சுமார் 21 சதவிகிதம். இது மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைட், வீகோவி என்ற பெயரில் ஜூனில் வந்தது. நான் போட்டுக்கொண்டது எது என்று சொல்வதாக இல்லை. விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தால் யோசிக்கலாம்.

ஊசியை ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"யாருக்குடா ஊசி? உங்கப்பாவுக்குப் போட்ட மாதிரியே இருக்குது..."

"அது சுகருக்கும்மா. இது சுகர் வராம இருக்க."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாவுப் பாத்திரத்தை மட்டும் அடுத்த தட்டுக்கு மாற்றி வைத்தாள்.

வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். கிள்ள எனக்கு இடப் பஞ்சம் இல்லை. ஒரு வாரம் இடது பக்கம், மறு வாரம் வலது பக்கம். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனைப் பார்த்தேன். வயிற்றில் இடது பக்கம் விழுந்தால் மகிழ்ச்சி, வலது பக்கம் தானியம் என்று போட்டிருந்தது.

முதல் பத்து நாள் பலன் வேறு மாதிரி இருந்தது. குமட்டல். காலையில் சாப்பிட்ட இட்லி சாயங்காலம் ஏப்பத்தில் வந்து விசாரித்துவிட்டுப் போகும். அப்புறம் மலச்சிக்கல். குடும்பப் பத்திரிகை, நாலு நாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் திடீரென்று கவனித்தேன். மணி ஐந்தரை. நாலு மணிக்கு பஜ்ஜி ஞாபகமே வரவில்லை! இருபது வருஷமாக என் தலைக்குள் ஒரு ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. டிபன் ஆனதும் சாப்பாட்டைப் பற்றி, சாப்பாடு ஆனதும் டிபனைப் பற்றி. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். யாரோ சுவிட்சை அணைத்துவிட்டார்கள். 'வாயைக் கட்டத் தெரியாதா?' என்று இத்தனை வருஷம் என்னைக் கேட்டவர்களின் தலையில் அந்த ரேடியோவே இல்லை போலிருக்கிறது! கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆவணியில் கல்யாணம். காலை டிபனுக்குக் கோயில் இட்லி. மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் வெந்து, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யுமாக மணக்கும் அதை எட்டுத் துண்டு வரைக்கும் சாப்பிட்டுப் பெயர் வாங்கியவன் நான். ஒன்றோடு கை நின்றுவிட்டது. பெரியப்பா பக்கத்து இலை.

"என்னப்பா, வச்சது வச்சபடி இருக்குது? சம்பந்தி வீட்டு மேல ஏதாவது வருத்தமா?"

"வயிறு நிறைஞ்சிடுச்சு பெரியப்பா."

"உனக்கா?"

மத்தியானத்துக்குள் எனக்குப் புற்றுநோய் என்று ஒரு பிரிவும், மாமனாரோடு சண்டை என்று ஒரு பிரிவும் கிளம்பிவிட்டன. நம் ஊரில் பசிக்காக மட்டுமா சாப்பிடுகிறோம்? பந்தியில் வேண்டாம் என்றால் மனுஷனையே வேண்டாம் என்பதாக அர்த்தம். இதற்கு எந்தக் கம்பெனியிடமும் ஊசி இல்லை.

ஆபீஸ் நண்பன் ஒருத்தன் ரகசியமாக வந்தான். எடை 78. "மச்சான், ஜனவரில கல்யாணம். எனக்கும் ரெண்டு ஊசி சொல்லேன், போட்டோவுல தொப்பை தெரியாம இருக்கும்..." பி.எம்.ஐ. 30 இருக்க வேண்டும், அல்லது 27-உடன் சுகர், பிரஷர் மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். கணையத்தில் பிரச்னை வந்தவர்களுக்கும், குடும்பத்தில் ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் இருப்பவர்களுக்கும் ஆகாது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரவும் கூடாது என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். "போட்டோகிராபரை மாத்துடா, அது செலவு கம்மி" என்றும் சொன்னேன். கோபித்துக்கொண்டான்.

செலவுக்கு வருகிறேன். பி.காம். படித்தவன் ஆயிற்றே. மவுஞ்சாரோ வந்தபோது ஒரு வாரத்துக்கான சின்ன டோஸ் 3,500 ரூபாய், அடுத்தது 4,375. வீகோவி ஆரம்ப டோஸ் மாதத்துக்கு 17,345 என்று வந்து, நவம்பரில் 10,850-ஆக இறங்கியது. என் கணக்கில் தீபாவளி வரைக்கும் 15 ஊசி, 62 ஆயிரம் ரூபாய். குறைந்தது 9 கிலோ. ஆக, கிலோ 6,800 ரூபாய்க்கு மேல். ஏற்றும்போது எவ்வளவுக்கு வாங்கினோம்? பத்து ரூபாய் பஜ்ஜியில் வாங்கிய சரக்கு! இவ்வளவு நஷ்டத்துக்கு நான் எதையும் விற்றதில்லை.

வீட்டில் நான் சொல்லியிருந்த விலை மாதம் இரண்டாயிரம். தீபாவளிக்கு முதல் வாரம் சட்டைப் பையில் பில் அகப்பட்டது.

"ஏங்க, இதுல பதினேழாயிரத்துச் சொச்சம் போட்டிருக்குதே?"

"அது... ஜி.எஸ்.டி. சேர்த்து."

என் மனைவி அப்படியே பார்த்தாள். பெண்ணின் ஸ்கூல் ஃபீஸுக்கென்று வைத்திருந்த பணத்தில்தான் கை வைத்திருந்தேன். அன்று முழுக்க வீட்டில் யாரும் கத்தவில்லை. எனக்கும் ரோஷம். ஊசியை நிறுத்தினேன். டாக்டரிடம் கேட்கவில்லை.

ரேடியோ மறுபடி பாட இரண்டு வாரம் ஆயிற்று. தீபாவளி லேகியத்தில் ஆரம்பித்துப் பொங்கலுக்குள் 95 கிலோ 99 ஆனது. 5.8-க்கு இறங்கியிருந்த சர்க்கரைச் சராசரி 6.1. டாக்டருக்கு ஆச்சரியமே இல்லை. செமாக்ளூடைட் சோதனையில் நிறுத்தினவர்களை ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்களாம். குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது.

"பிரஷர் மாத்திரையை நிறுத்தினா பிரஷர் ஏறுது. அதை யாரும் சோம்பேறித்தனம்னு சொல்றதில்லையே?" என்றார்.

"அப்போ ஆயுசு முழுக்கவா டாக்டர்?"

"தொடர்ந்து பல வருஷம்னு மனசுல வச்சுக்குங்க. குறையறதுல கொழுப்போட தசையும் போகுது. அதனால வெயிட் தூக்கணும். முட்டை, சுண்டல் எல்லாம் சாப்பிடணும்."

கடன் என்றால் கடைசித் தவணை என்று ஒன்று உண்டு. இதில் அந்தக் கட்டமே இல்லை. செமாக்ளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்று படித்ததும், பட்ஜெட் தேதியைக் குறித்து வைப்பது மாதிரி காலண்டரில் வட்டம் போட்டேன்.

அன்று ராத்திரி உண்மையான கணக்கை எழுதி மனைவியிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் ஊசி. இன்னொரு பக்கம் அப்பாவின் மாத்திரை, இன்சுலின், ஆஸ்பத்திரி, நின்றுபோன தறி. இரண்டாவது பக்கத்தில் தொகை எழுதத் தெரியவில்லை, காலியாக விட்டேன். அம்மா வாங்கிப் பார்த்தாள். "சீட்டை எடுத்துடு" என்றாள் மனைவியிடம். எடுத்தாள். தள்ளுபடி எவ்வளவு போனது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலும் இல்லை.

மறுபடி சின்ன டோஸிலிருந்து ஆரம்பம். காலையில் தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குகிறேன், தசைக்காக. போன வெள்ளிக்கிழமை மனைவியே ஃப்ரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்து வந்தாள்.

"இந்த வாரம் எந்தப் பக்கம்?"

"இடது. மகிழ்ச்சி."

"எந்தப் பக்கம் விழுந்தாலும் நமக்கு ஒரே பலன்தான். செலவு! சட்டையைத் தூக்குங்க."