டேப்லெட்டில் ஏறும் பிளேயர் எங்கிருந்து வந்தது?

புது டேப்லெட்டில் பிளே ஸ்டோரைத் திறந்து ‘வீடியோ பிளேயர்’ என்று தேடினால் பட்டியல் முடிவில்லாமல் நீள்கிறது. எல்லாமே இலவசம், எல்லாமே ‘எச்.டி.’, எல்லா ஃபார்மேட்டும் ஓடும் என்ற உறுதிமொழி எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒன்றை இறக்கிப் படம் போட்டால் பாதியில் விளம்பரம் வந்து திரையை மறைக்கிறது. இன்னொன்று தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்கிறது. மெமரி கார்டில் இருக்கும் கல்யாண வீடியோவை ஓட்டிக்காட்ட வேண்டிய செயலிக்கு, டேப்லெட்டின் சொந்தக்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது எதற்கு?

இந்தக் கூட்டத்தின் நடுவிலேயே விளம்பரமோ தகவல் திருட்டோ இல்லாத நல்ல பிளேயர்களும் இருக்கின்றன. அவற்றின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இவற்றைப் பயன்படுத்துவோருக்குச் சட்டப்படி சில உரிமைகள் உண்டு. அது பலருக்குத் தெரியாது. போலிகள் பிழைப்பதும் அந்தத் தெரியாமையால்தான்.

முதலில் பிளேயர்கள். வி.எல்.சி., 1996இல் பாரிஸின் எகோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது. 2001இல் ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியானது. இன்று வீடியோலேன் என்னும் லாப நோக்கற்ற அமைப்பு அதைப் பேணுகிறது. டேப்லெட்டில் எது வேண்டும் என்று கேட்பவருக்குத் தயங்காமல் சொல்லக்கூடிய முதல் பெயர் இதுதான். பாட்டு, படம் இரண்டும் ஓடும். வீட்டுக் கணினியில் பகிர்ந்து வைத்த கோப்புகளை வைஃபை வழியே திறக்கும். பழைய டேப்லெட்டில் படம் திக்கித் திணறினால் அமைப்புகளுக்குள் போய் ‘ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்’ என்ற விருப்பத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். காட்சியைப் பிரிக்கும் வேலையைச் சிப்பின் தனிப் பகுதி செய்தால் பேட்டரி நிற்கும். பிராசசர் தலையில் விழுந்தால் டேப்லெட் சூடாகும், வாயசைவுக்கும் குரலுக்கும் பொருத்தம் போய்விடும். எச்.இ.வி.சி. என்ற வீடியோ வடிவத்தின் 10 பிட் கோப்புகளில் பழைய சிப்புகள் அப்படித்தான் தடுமாறுகின்றன. அப்போது பிளேயரை மாற்றுவதைவிட 720பி அளவிலான எச்.264 கோப்பைத் தேடுவதே சரி.

எம்.பி.வி. பழைய எம்பிளேயர் மரபில் வந்தது. பொத்தான்கள் குறைவு, நுணுக்கமான விருப்பங்களை ஓர் அமைப்புக் கோப்பில் எழுதித் தர வேண்டும். விவரம் தெரிந்தவர் கையில் அருமையான கருவி. நோவா வீடியோ பிளேயர், கையடக்க டேப்லெட்டுகள் செய்த ஆர்க்கோஸ் நிறுவனம் திறந்துவிட்ட நிரலிலிருந்து பிறந்தது. கோப்பின் பெயரைப் பார்த்துப் படத்தின் போஸ்டரையும் கதைச் சுருக்கத்தையும் தானே இழுத்து வந்து அலமாரிபோல் அடுக்கிக் காட்டும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போஸ்டர் வர வேண்டுமானால் தேடுவதற்கான பெயர் இணையத்தில் இருக்கும் ஒரு தகவல்தளத்துக்குப் போயாக வேண்டும். குடும்ப வீடியோக்களுக்கு ஆள் பெயர், ஊர் பெயர் வைத்திருப்பவர்கள் அந்தக் கோப்புறையை இந்தத் தேடலிலிருந்து விலக்கி வைப்பது நல்லது.

கோடி என்ற பெயரிலான செயலி பெரிய டிவி திரைக்கு ஏற்றது. கைக்குள் அடங்கும் டேப்லெட்டுக்கு அது சுமை. அதோடு ஒட்டி வரும் சிக்கல் வேறு. கோடியில் எந்தப் படமும் இல்லை. ஆனால் திருட்டுப் படங்களைக் காட்டும் வெளியார் ‘ஆட்-ஆன்’களை அதற்குள் நிரப்பிப் பெட்டியாக விற்கும் வியாபாரம் பல நாடுகளில் நடந்தது. அப்படி விற்பதே பதிப்புரிமை மீறல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் ஒரு டச்சு வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பிளேயர் சட்டபூர்வமானது என்பதால் அதில் ஓடுவதெல்லாம் சட்டபூர்வமாகிவிடாது.

தமிழ் சப்டைட்டில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ, புரியாத குறிகளாகவோ வந்தால் பழி பெரும்பாலும் கோப்பின்மேல்தான். எஸ்.ஆர்.டி. என்னும் சப்டைட்டில் கோப்பு யு.டி.எஃப்.-8 குறியீட்டில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய டிஸ்கி, டாப் எழுத்துருக்களில் அடித்தது அப்படியே வந்தால் எந்தப் பிளேயரும் அதைத் தமிழாகக் காட்டாது. கொம்பும் எழுத்தும் இடம் மாறி வந்தால் அது பிளேயரின் குறை.

இனி உரிமை. ஜி.பி.எல். உரிமம் பயன்படுத்துவோரின் கையில் உண்மையான அதிகாரம் ஒன்றைக் கொடுக்கிறது. அந்த உரிமத்தில் உள்ள மென்பொருளை யார் விநியோகித்தாலும், காசுக்கு விற்றாலும், மூலநிரலையும் சேர்த்துத் தர வேண்டும். சேர்த்துத் தராவிட்டால், கேட்பவர் எவருக்கும் தருவதாக எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். இரண்டாம் பதிப்பின்படி அந்த உறுதி குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கடையில் வாங்கிய டேப்லெட்டில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட பிளேயர் இந்த உரிமத்தில் இருந்தால், அதன் நிரலை உற்பத்தியாளரிடம் கேட்கலாம். இப்படிக் கேட்கும் உரிமை சாதாரண வாடிக்கையாளருக்கும் உண்டு என்று வாதிட்டு, அமெரிக்காவின் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 2021இல் விசியோ டிவி நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது.

நிரல் கையில் இருப்பதால் என்ன ஆகிவிடும் என்பதற்கு நோக்கியா 770 நல்ல சாட்சி. ‘இன்டர்நெட் டேப்லெட்’ என்ற பெயரோடு 2005இல் வந்தது. 800க்கு 480 புள்ளித் திரை, 64 எம்.பி. நினைவகம். அதில் எம்பிளேயரை ஆர்வலர்கள் ஏற்றினார்கள். படத்தை 400க்கு 240 அளவுக்குச் சுருக்கி மாற்றிப் பார்த்தார்கள். அடுத்த மாடல் என்800 வந்தபோது அதன் இயங்குதளம் முறைப்படி 770க்குக் கிடைக்கவில்லை; அதிகாரபூர்வ ஆதரவில்லாத ‘ஹேக்கர் எடிஷன்’ ஒன்றே வந்தது. கம்பெனி கவனத்தைத் திருப்பிய பிறகும், திறந்த நிரலில் இருந்த பகுதிகளைப் பயனாளர்களே ஓட்டிக்கொண்டிருக்க முடிந்தது. அடைத்து வைத்த பகுதிகளில் கை வைக்க முடியவில்லை.

ஆபத்து வருவது பெரும்பாலும் பிளேயருக்குள்ளிருந்து இல்லை, அது வந்த வழியிலிருந்து. நிரல் எல்லோருக்கும் கிடைப்பதால் அதை எடுத்து விளம்பரம் பொருத்தி வேறு பெயரில் விடுவது எளிது. விளம்பரம் பொருத்துவதில் தவறில்லை. மாற்றிய நிரலை மறைப்பதுதான் உரிம மீறல். 2018இல் ‘321 மீடியா பிளேயர்’ என்ற செயலி அப்படித்தான் சிக்கியது. வி.எல்.சி. நிரலை எடுத்து விளம்பரத்தோடு ஓடிய அது பிளே ஸ்டோரில் 50 லட்சம் பதிவிறக்கங்களைத் தாண்டியிருந்தது. முறையீடுகளுக்குப் பிறகே கூகுள் அதை நீக்கியது. அசல் வி.எல்.சி.க்குக் கீழே வெளியீட்டாளர் பெயர் ‘வீடியோலேப்ஸ்’ என்று இருக்கும். ஐகானைப் பார்ப்பதைவிட இந்த வரியைப் பார்ப்பது முக்கியம். எஃப்-டிராய்டு என்ற களஞ்சியமும் நம்பத்தக்கது. கட்டற்ற செயலிகளை மட்டும் வைத்திருக்கிறது, விளம்பரமோ கண்காணிப்போ இருந்தால் அதைக் குறிப்பிட்டே பட்டியலிடுகிறது.

அசல் பிளேயரிலும் ஓட்டை விழுவதுண்டு. சப்டைட்டில் கோப்புக்குள் ஒளித்த நிரல் மூலம் சாதனத்தைக் கைப்பற்ற முடியும் என்று 2017 மே மாதம் செக் பாயின்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் காட்டியது. வி.எல்.சி.யும் கோடியும் அந்தப் பட்டியலில் இருந்தன. இரண்டும் விரைவில் திருத்தம் வெளியிட்டன. புதுப்பிக்காதவருக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே (செயலியை நிறுவும்) கோப்புகள் இதைவிடக் கொடியவை. ‘பிரீமியம் பிளேயர்’ என்று வருவதையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கொரு காவல் இருக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் அதைச் செய்தவரின் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. வேறு கையொப்பத்தோடு வரும் போலி, ஏற்கெனவே இருக்கும் அசலின்மேல் ஏறாது. ‘செயலி நிறுவப்படவில்லை’ என்று நின்றுவிடும். அந்த நேரத்தில் பலர் செய்வது, பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுவது. காவலைத் தம் கையாலேயே எடுத்துவிடுகிறார்கள். அனுமதி கேட்கும் இடத்திலும் அதே நிதானம் வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் தனித்தனி அனுமதி. பிளேயர் எஸ்.எம்.எஸ். படிக்கவோ, ‘அக்சசிபிலிட்டி’ சேவையை இயக்கவோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அதிகாரபூர்வ வாசல் மூடப்பட்டால் மக்கள் என்ன செய்வார்கள்? இந்தியா அதையும் பார்த்துவிட்டது. 2022 பிப்ரவரியில் வீடியோலேன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. காரணம் பொதுவில் அறிவிக்கப்படவில்லை. பிளே ஸ்டோரில் செயலி கிடைத்துக்கொண்டிருந்தது. கணினிக்கு வேண்டியவர்கள்தான் கண்ட தளங்களில் தேட நேர்ந்தது. எந்தக் காரணத்துக்காக அசலை மூடினாலும், போலிக்கு வழி திறந்துவிட்டதாகவே ஆகும். அக்டோபரில் வீடியோலேன், இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பின் உதவியோடு அரசுத் துறைகளுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தடை விலகியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்கீழ் முடக்குவதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், பாதிக்கப்பட்டவர் அதை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவாக எதிர்க்கலாம் என்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நோட்டீஸ் கொடுக்க யாரும் முன்வராதிருந்தால் தடை இன்னும் எத்தனை காலம் நீண்டிருக்குமோ!

பரிகாரம் தேடுவோர் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். இலவசமாகக் கிடைத்த செயலி சரியாக ஓடவில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். இலவச சேவை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது, ஜி.பி.எல். உரிமமும் எந்த உத்தரவாதமும் இல்லை என்றே சொல்கிறது. காசு கொடுத்து வாங்கிய டேப்லெட்டில் விளம்பரம் கொட்டும் பிளேயரை ஏற்றிக் கொடுத்திருந்தால் கதை வேறு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

போலிச் செயலியால் பணம் போயிருந்தால் டேப்லெட்டை உடனே இணையத்திலிருந்து துண்டித்து, வேறு போனிலிருந்து 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வங்கியின்மேலும் வாடிக்கையாளரின்மேலும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. கவனக்குறைவு வாடிக்கையாளருடையதாகவே இருந்தாலும், வங்கிக்குச் சொன்ன நொடிக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைப்பதோடு, அந்த ஏபிகே வந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் காவல்துறைக்காக வைத்திருக்க வேண்டும்.