எந்த ஓங்கில் இறந்தது?

டால்பின் எனப்படும் ஓங்கில்களைத் தமிழில் ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். கிழக்குப் பசிபிக் ஆழ்கடலில் அது போதாது. அங்கு மஞ்சள்துடுப்புச் சூரை மீன்கள் ஓங்கில் கூட்டங்களுக்கு அடியிலேயே நீந்துகின்றன. எனவே, மீன்பிடிக் கப்பல்கள் ஓங்கில்களையும் சேர்த்தே சுருக்குமடி வலையால் வளைக்கின்றன. 1986-இல் மட்டும் இவ்வாறு மாண்டவை ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னைக் கவர்வது இதற்குக் காணப்பட்ட தீர்வு. 1999-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை, ஆண்டுக்கு 5,000 இறப்புகள் என்று உச்சவரம்பு விதித்தது. அத்துடன், ஒவ்வோர் இனத்தொகுதிக்கும் அதன் குறைந்தபட்ச மதிப்பீட்டு எண்ணிக்கையில் 0.1 விழுக்காடு என்று தனி வரம்பு வைத்தது. அதைத் தாண்டினால், அத்தொகுதியின்மீது வலை வீசுவது அவ்வாண்டு நிறுத்தப்படும். ஆகவே, பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றிலும் பயணிக்கும் பார்வையாளர் ஏட்டில் எழுதும் பெயருக்குப் பண மதிப்பு உண்டு.

அப்பெயரை எழுதுவது எளிதன்று. புள்ளி ஓங்கில் பிறக்கும்போது அதற்குப் புள்ளியே இல்லை. வளர வளரத்தான் தோன்றும். இளையவற்றை முதுகில் போர்த்தினாற்போன்ற கருநிறத்தால் அறிய வேண்டும். முதிர்ந்தவற்றுக்கு மூக்கு நுனி வெண்மையாக இருக்கும். நீண்டு மெலிந்த மூக்குடன், நீரிலிருந்து எழும்பிப் பம்பரமாய்ச் சுழல்வது சுழல் ஓங்கில். அதிலும் இரு வகைகள். உடல் முழுதும் சாம்பல் நிறமாக, முதிர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பு திருப்பிப் பொருத்தியதுபோல் முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் அது கிழக்குச் சுழல் ஓங்கில். வயிறு வெளுத்திருந்தால் வெண்வயிற்றுச் சுழல் ஓங்கில். இவை புள்ளி ஓங்கில்களோடு கலந்தே திரிவதால் குழப்பம் மிகும். விலாவில் மணற்கடிகார வடிவம் கொண்ட மற்றோர் இனத்தை அடையாளம் காண்பது எளிது.

இவ்வளவு நுணுக்கம் வீணன்று. பழைய எண்ணிக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது கிழக்குச் சுழல் ஓங்கில். அதன் இறப்பை வெண்வயிற்று வகையின் கணக்கில் எழுதினால், நலிந்த தொகுதி ஏட்டில் மட்டும் நலமாயிருக்கும். கடைகளில் சூரை டப்பாக்களில் ஒட்டப்படும் 'ஓங்கிலுக்குத் தீங்கற்றது' என்ற முத்திரையோ இனம் பார்ப்பதில்லை.

2015 முதல் 2019 வரை ஆண்டு இறப்புகள் ஆயிரத்துக்கும் கீழே இருந்தன. பாராட்டத்தக்க சாதனைதான். ஆனால், 2006-க்குப் பின் நெடுங்காலம் முழு அளவிலான கப்பல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. இறந்தவற்றை இனம் பிரித்து எண்ணுகிறோம். எஞ்சியவற்றுக்குப் பழைய கணக்கையே நம்புகிறோம்.