வில்லியம் ஷேக்ஸ்பியர்

வில்லியம் ஷேக்ஸ்பியர் (திருமுழுக்கு: ஏப்ரல் 26, 1564 - இறப்பு: ஏப்ரல் 23, 1616) இங்கிலாந்தைச் சேர்ந்த நாடகாசிரியர், கவிஞர், நடிகர். ஆங்கில மொழியின் தலைசிறந்த எழுத்தாளராகப் பரவலாகக் கருதப்படுபவர். ஏறத்தாழ 38 நாடகங்களும், 154 சொனெட்டுகளும், இரண்டு நீண்ட கதைப்பாடல்களும் இவர் பெயரில் கிடைக்கின்றன. சில நாடகங்கள் பிறருடன் இணைந்து எழுதப்பட்டவை. இவரது நாடகங்களுள் பாதியளவு இவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறவில்லை. அவை அழியாமல் எஞ்சியதற்கு உடன் நடித்த நண்பர்கள் இருவரின் முயற்சியே காரணமாகும்.

இளமை

ஷேக்ஸ்பியர் ஏவன் ஆற்றங்கரையில் அமைந்த ஸ்ட்ராட்ஃபோர்டு என்னும் சிறுநகரில் பிறந்தார். பிறந்த நாள் பதிவாகவில்லை. திருமுழுக்குப் பதிவேட்டை வைத்து ஏப்ரல் 23 எனக் கொள்வது வழக்கமாகிவிட்டது. இறந்த நாளும் அதுவே என்பதால் இவ்வழக்கம் மேலும் வேரூன்றியது. தந்தை ஜான் ஷேக்ஸ்பியர் கையுறை செய்து விற்றவர். 1568-இல் நகரின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். தாய் மேரி ஆர்டென். எட்டுப் பிள்ளைகளுள் மூன்றாமவராகப் பிறந்தாலும், மூத்தோர் இருவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்ததால் வில்லியமே வீட்டின் மூத்த பிள்ளையாக வளர்ந்தார். உள்ளூர் இலக்கணப் பள்ளியில் இலத்தீன் கற்றிருப்பார் என்பது அறிஞர் கருத்து. எனினும் அக்காலப் பள்ளிப் பதிவேடுகள் எஞ்சவில்லை. பல்கலைக்கழகத்திற்கு அவர் சென்றதாகச் சான்று இல்லை.

1582-இல் தம் 18-ஆம் அகவையில், தம்மினும் எட்டு ஆண்டுகள் மூத்தவரான ஆன் ஹாத்வேயை மணந்தார். 1583-இல் சூசன்னா பிறந்தார். 1585-இல் ஹாம்னெட், ஜூடித் என்னும் இரட்டையர் பிறந்தனர். ஒரே மகனான ஹாம்னெட் 11 அகவையில், 1596 ஆகஸ்ட் திங்களில் இறந்தான். ஹாம்லெட் நாடகத்தின் பெயரை இத்துயரத்தோடு இணைத்துப் பேசுவோர் பலர். அவ்விரு பெயர்களும் அக்காலத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக எழுதப்பட்டவை என்பது உண்மையே. ஆனால் நாடகத்தின் கதை டென்மார்க்கின் பழங்கதை ஒன்றிலிருந்து வந்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

லண்டன் வாழ்க்கை

1585 முதல் 1592 வரை ஷேக்ஸ்பியர் என்ன செய்தார் என்பதற்குப் பதிவுகள் ஏறக்குறைய இல்லை. 1592-இல் ராபர்ட் கிரீன் என்ற நாடகாசிரியரின் பெயரில் வெளிவந்த சிறுநூல் ஒன்று, படித்தவர்களின் தொழிலில் நுழைந்த செருக்குமிக்க நடிகன் என்ற பொருள்பட இவரை ஏளனம் செய்தது. லண்டன் நாடக உலகில் இவரைப் பற்றிய முதற்குறிப்பு இந்த வசைமொழியே. பொறாமை கொள்ளும் அளவிற்கு அவர் அப்போதே வளர்ந்துவிட்டிருந்தார் என்பது இதனால் தெரிகிறது.

கொள்ளைநோய் காரணமாக அரங்குகள் மூடப்பட்டிருந்த காலத்தில், 'வீனஸும் அடோனிஸும்' (1593), 'லுக்ரீஸ்' (1594) ஆகிய கதைப்பாடல்களை வெளியிட்டார். இரண்டும் சவுத்தாம்ப்டன் பிரபு ஹென்றி ரியாத்ஸ்லிக்கு உரிமையாக்கப்பட்டவை. 1594 முதல் சேம்பர்லின் பிரபுவின் நாடகக் குழுவில் நடிகராகவும் நாடகாசிரியராகவும் பங்குதாரராகவும் விளங்கினார். 1603-இல் முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறியதும் அக்குழு அரசரின் குழு எனப் பெயர் பெற்றது.

குழுவினரின் குளோப் அரங்கு 1599-இல் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் எழுந்தது. வடகரையில் இருந்த பழைய அரங்கைப் பிரித்து, அதன் மரங்களைக் கொண்டுவந்து இதனைக் கட்டினர். ஷேக்ஸ்பியரின் செல்வம் பெரும்பாலும் இத்தகைய பங்குகளிலிருந்து வந்ததேயன்றி நாடகம் எழுதிப் பெற்ற கூலியிலிருந்து வந்ததன்று. 1597-இலேயே சொந்த ஊரில் நியூ பிளேஸ் என்னும் பெரிய வீட்டை வாங்கியிருந்தார். 1613 ஜூன் 29 அன்று எட்டாம் ஹென்றி நாடகத்தின்போது வெடித்த பீரங்கியால் கூரை தீப்பற்றி, குளோப் அரங்கு எரிந்து போனது.

இறுதிக்காலமும் உயிலும்

ஷேக்ஸ்பியர் 1616-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் இறந்து, தாம் திருமுழுக்குப் பெற்ற அதே தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மனைவிக்குத் தம் இரண்டாவது சிறந்த கட்டிலை எழுதிவைத்த வரியே அவரது உயிலில் அதிகம் பேசப்படுகிறது. இதனை அவமதிப்பு என்போரும் உண்டு. சிறந்த கட்டில் விருந்தினருக்கானது, இரண்டாவதே கணவன் மனைவியருடையது என விளக்குவோரும் உண்டு.

அதே உயிலில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத மற்றொரு வரி உள்ளது. ரிச்சர்ட் பர்பேஜ், ஜான் ஹெமிஞ்சஸ், ஹென்றி காண்டெல் ஆகிய உடன்நடிகர் மூவருக்கும் நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் அளிக்கப்பட்டது. நாடகங்களைப் பற்றியோ கைப்படிகளைப் பற்றியோ உயிலில் ஒரு சொல்லும் இல்லை.

முதல் ஃபோலியோ

இதில் வியப்பில்லை. அக்காலத்தில் நாடகம் எழுதியவருக்கு உரியதன்று. அதனை வாங்கிய குழுவிற்கு உரியது. அச்சிட்டு விற்பதால் குழுவிற்குப் பெரும் ஊதியமும் இல்லை. சில நாடகங்கள் குவார்ட்டோ எனப்படும் மலிவான சிறு நூல்களாக வந்தன. அவற்றுள் சில பிழை மலிந்தவை. 1603-இல் வந்த ஹாம்லெட் பதிப்புக்கும் அடுத்து வந்த பதிப்புக்கும் உள்ள வேறுபாடு இதற்குச் சான்று: பின்னது ஏறத்தாழ இருமடங்கு நீளமுடையது.

மோதிரம் பெற்ற மூவருள் பர்பேஜ் 1619-இல் இறந்தார். எஞ்சிய ஹெமிஞ்சசும் காண்டெலும் நாடகங்களைத் திரட்டி, 1623-இல் ஒரே பெருநூலாக வெளியிட்டனர். இதுவே முதல் ஃபோலியோ. அதில் உள்ள 36 நாடகங்களுள் 18 நாடகங்கள் அதற்கு முன் அச்சேறாதவை. மக்பெத், ஜூலியஸ் சீசர், பன்னிரண்டாம் இரவு, சூறாவளி, அந்தோணியும் கிளியோபாத்ராவும் ஆகியன அவற்றுட் சில. இந்நூல் வராதிருந்தால் இவை நமக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்ல இயலாது. இவர் பெயரோடு தொடர்புடைய கார்டீனியோ என்ற நாடகம் இதில் இடம்பெறாது மறைந்தே போனது.

நூல் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1623 ஆகஸ்டில், ஆன் ஹாத்வே இறந்தார். ஷேக்ஸ்பியரின் நேர்வழி மரபும் பேத்தி எலிசபெத்தின் இறப்போடு 1670-இல் முடிவுற்றது. முதல் ஃபோலியோவின் ஏறத்தாழ 235 படிகள் இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுள் 82 படிகள் வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தில் உள்ளன.

பிற்காலப் புகழ்

ஷேக்ஸ்பியரின் புகழ் எல்லாக் காலத்தும் ஒரே அளவினதாக இருந்ததில்லை. 1681-இல் நாஹம் டேட் என்பவர் லியர் அரசன் நாடகத்தை இன்பியலாக மாற்றி எழுதினார். அதில் லியர் பிழைத்துக்கொள்கிறான், கார்டீலியாவுக்குத் திருமணம் நடக்கிறது, விதூடகன் நீக்கப்பட்டான். மூல நாடகம் 1838-இல் மேடைக்கு முழுமையாக மீளும்வரை, ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆங்கில மக்கள் கண்டது பெரிதும் இந்தத் திருத்தப்பட்ட லியரையே. 19-ஆம் நூற்றாண்டில் இந்நாடகங்களை வேறொருவர் எழுதினார் என்ற ஐயமும் கிளப்பப்பட்டது. பெரும்பான்மை அறிஞர்கள் அதனை ஏற்பதில்லை. புதிதாகக் கட்டப்பட்ட குளோப் அரங்கு, பழையது நின்ற இடத்திற்கு அருகே 1997-இல் திறக்கப்பட்டது.

தமிழில்

ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் தமிழுக்கு வாசிப்பு நூலாக மட்டுமன்றி மேடை வழியாகவும் வந்தன. சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் பல நாடகங்களைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி எழுதினார். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். மக்பெத் 'மகபதி' ஆனான். வெனிஸ் நகர வணிகன் 'வாணிபுர வணிகன்' ஆனான். ஒலியையும் தமிழ்ப் பெயரின் இயல்பையும் ஒருங்கே காத்த இப்பெயர்கள் இன்றும் சுவை தருவன. ஈழத்து அறிஞர் சுவாமி விபுலாநந்தர் 1926-இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி' என்னும் நூலில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு, வடமொழி, தமிழ் நாடக இலக்கணங்களோடு வைத்து ஆராய்ந்தார். தமிழ்த் திரைப்படங்களுள் 'சொர்க்கம்' (1970) ஜூலியஸ் சீசர் காட்சியையும், 'ராஜபார்ட் ரங்கதுரை' (1973) ஹாம்லெட் காட்சியையும் கொண்டவை. இரண்டிலும் நடித்தவர் சிவாஜி கணேசன்.