உலக உணவு உற்பத்தியின் எதிர்காலமும் ஒளிப்படக் கலையும்: பொம்மிடி வட்டார வேளாண்மையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உலக உணவு உற்பத்தியின் எதிர்காலத்தைப் பொருளாகக் கொண்ட ஒளிப்படங்கள் பெரும்பாலும் பெருவேளாண்மையையே காட்டுகின்றன. சிறு நிலங்களும் கலப்புப் பயிர்களும் பெண்களின் உழைப்பும் அவற்றில் போதிய இடம் பெறுவதில்லை. இவ்விடைவெளி ஏன் தோன்றுகிறது என்பதையும், ஒளிப்படம் அரசு ஆவணமாக மாறிவரும் இக்காலத்தில் அதன் விளைவு என்ன என்பதையும் தருமபுரி மாவட்டம் பொம்மிடி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், உணவு உற்பத்தி, மானாவாரி, சிறுதானியம், பொம்மிடி.

முன்னுரை

2050ஆம் ஆண்டில் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 970 கோடியாக இருக்கும் என ஐக்கிய நாடுகள் அவை கணித்துள்ளது. அத்தனை பேருக்கும் உணவு எங்கிருந்து வரும் என்னும் வினா, அறிவியலாளரைப் போலவே ஒளிப்படக் கலைஞரையும் ஈர்த்துள்ளது. எதிர்காலம் கண்முன் இல்லாத ஒன்று. ஒளிப்படமோ கண்முன் இருப்பதை மட்டுமே பதிவு செய்யும். எனவே இன்றைய காட்சிகளுள் எதை எதிர்காலத்தின் அடையாளமாகக் கலைஞர் தேர்ந்துகொள்கிறார் என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

பஞ்சப் படங்கள்

தமிழ் நிலத்தில் உணவு குறித்த ஒளிப்பட வரலாறு விளைச்சலில் தொடங்கவில்லை, பசியில் தொடங்கியது. 1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது, சென்னைப் படையில் பணியாற்றிய வில்லோபி வாலஸ் ஹூப்பர் பட்டினியால் மெலிந்தோரைக் குழுக்களாக இருத்திப் படமெடுத்தார். பஞ்சத்தின் கொடுமையை இங்கிலாந்து கண்டறிய அப்படங்கள் துணைசெய்தன. ஆயினும் படத்திற்காக இருத்தப்பட்டோருக்கு அவர் உதவினாரா என்னும் கண்டனமும் அன்றே எழுந்தது. அப்பஞ்சத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. இன்றைய தருமபுரி 1965 வரை அச்சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. படமெடுப்பவருக்கும் படத்தில் உள்ளவருக்கும் இடையிலான பொறுப்பு என்னும் சிக்கல், ஆகவே, இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று.

வானிலிருந்து நோக்கல்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜார்ஜ் ஸ்டெயின்மெட்ஸ் உலக உணவு உற்பத்தியை வானிலிருந்து பதிவு செய்தவர். இயந்திரம் பொருத்திய பாராகிளைடரிலும் பின்னர் ட்ரோன் வழியாகவும் அவர் எடுத்த படங்கள் 2024இல் ‘ஃபீட் தி பிளானட்’ என்னும் நூலாக வெளிவந்தன. 2013இல் கான்சாஸ் மாநிலத்தில் மாட்டுக் கொழுப்பிடம் ஒன்றை வானிலிருந்து படமெடுத்தபோது அத்துமீறல் குற்றச்சாட்டில் அவர் கைதானார். உணவு உருவாகும் இடத்தைப் பொதுமக்கள் காண்பதே சட்டச் சிக்கலாக மாறக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

வான்வழிப் படத்தின் வலிமை அளவைக் காட்டுவதில் உள்ளது. வட்டப் பாசன வயல்களும் கண்ணாடிக் கூடங்களும் மேலிருந்து பார்க்கையில் ஒழுங்கான கோலங்களாகத் தெரிகின்றன. ஒரே பயிர் பரந்து விளையும் நிலமே இத்தகைய ஒழுங்கைத் தரும். ஆதலின் ஓரினப் பயிர்ச் சாகுபடி இயல்பாகவே படத்திற்கு ஏற்ற பொருளாகிவிடுகிறது. அழகியல் தேர்வு ஒன்று, நோக்கமின்றியே, பெருவேளாண்மைதான் எதிர்காலம் என்னும் கருத்தையும் உடன் சுமந்துவருகிறது.

தரையிலிருந்து நோக்கல்

உண்மை நிலை வேறு. உலகப் பண்ணைகளுள் ஏறத்தாழ 84 விழுக்காடு 2 எக்டேருக்கும் குறைவானவை. வேளாண் நிலத்தில் சுமார் 12 விழுக்காட்டை மட்டுமே கொண்ட அவை, உலக உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விளைவிக்கின்றன. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர் மட்டுமே.

இத்தகைய சிறு உற்பத்தியைக் காண ஒளிப்படக் கருவி தரைக்கு இறங்க வேண்டும். பி. சாய்நாத்தின் ‘காணும் வேலை, காணாப் பெண்கள்’ எனப் பொருள்படும் காட்சித் தொகுப்பு அவ்வாறு இறங்கிய முயற்சியாகும். 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுக்கப்பட்ட அப்படங்கள், உணவு உற்பத்தியில் பெண்கள் ஆற்றும் கணக்கில் வராத வேலைகளை முன்வைத்தன. அவர் 2014இல் தொடங்கிய ‘பாரி’ இணைய ஆவணக்காப்பகத்தின் ஒளிப்படக் கலைஞர் எம். பழனிகுமார், இராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகர்ப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதைப் பதிவு செய்துள்ளார். கடற்பாசி இன்று எதிர்கால உணவு வளங்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. தமிழகத்தில் கடற்பாசிப் பூங்கா அமையும் என 2021 ஒன்றிய வரவு செலவுத் திட்டமும் அறிவித்தது. ஆனால் அந்த எதிர்காலத்தை ஏற்கெனவே கைகளால் பறித்துக்கொண்டிருப்போர் இப்பெண்களே என்பதை அப்படங்கள் உணர்த்துகின்றன.

பொம்மிடி வட்டாரம்

பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிச் சென்னை–சேலம் இருப்புப்பாதையில் அமைந்த ஊர். இப்பகுதியின் வேளாண்மை இரு வேறு காலக் கணக்குகளைக் கொண்டது. ஒன்று கரும்பு. அதியமானின் முன்னோர் இந்நிலத்திற்குக் கரும்பைக் கொணர்ந்தனர் என்பது புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார் தரும் செய்தி. அன்று கரும்பே எதிர்காலப் பயிர். இன்று அதே தகடூர் நாட்டின் கோபாலபுரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிற்கிறது. மற்றொன்று கேழ்வரகும் சாமையும். வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகியவற்றையே உணவாகக் கூறும் புறநானூற்று 335ஆம் பாடலின் புன்செய் உலகத்தோடு இவை தொடர்புடையவை.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது. குறைந்த நீரில் விளையும் இத்தானியம், 2023ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதன் வழி உலகக் கவனம் பெற்றது. அவ்வாண்டிலேயே நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. பழைய உணவு எதிர்கால உணவாக மீண்டுவரும் நிலை இது.

இந்நிலத்தைப் படமெடுப்பதில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, ஊடுபயிர். கேழ்வரகுக்கு இடையே அவரையோ மொச்சையோ விதைக்கும் புன்செய், வானிலிருந்து ஒழுங்கற்ற திட்டாகவே தோன்றும். இரண்டாவது, நிலத்தடி நீர். ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் எத்தனை அடி இறங்கியுள்ளது என்பதை எந்தப் படமும் நேரடியாகக் காட்டாது. பசுமையான வயல், வற்றிவரும் நீரை மறைக்கவும் கூடும். மூன்றாவது, அறுவடைக்குப் பிந்தைய உழைப்பு. சாமையின் உமியை நீக்க உரலும் உலக்கையும் கொண்டு பெண்கள் செலவிடும் நேரம் வீட்டுக்குள் நிகழ்வது. சாமைச் சாகுபடி குறைந்ததற்கு இவ்வுழைப்பும் ஒரு காரணமாகும். வயலை மட்டும் படமெடுப்பவர் இக்காரணத்தைக் காண இயலாது.

ஒளிப்படம் ஆவணமாதல்

இவை அழகியல் சார்ந்த குறைகள் மட்டுமல்ல. 1972இல் விண்ணில் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் முதலாகச் செயற்கைக்கோள் படங்கள் பயிர்ப் பரப்பைக் கணிக்கப் பயன்படுகின்றன. நலமான இலை அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக எதிரொளிக்கும் என்பதே இதன் அடிப்படை. ஆனால் மேகம் மூடிய பருவமழை நாள்களில் ஒளியியல் படங்கள் பயன்படுவதில்லை. மானாவாரிப் பயிர் வளர்வதோ அந்நாள்களிலேயே. இந்தியாவில் நடைமுறைக்கு வந்துள்ள மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பில் ஒவ்வொரு புல எண்ணிலும் பயிர் கைப்பேசியால் படமெடுக்கப்பட்டு, இடக்குறிப்புடன் பதிவேற்றப்படுகிறது. படத்தில் தெரியும் முதன்மைப் பயிர் மட்டுமே பதிவானால், ஊடுபயிர் கணக்கிலிருந்து விடுபடும். கணக்கில் இல்லாத பயிருக்கு இழப்பீடு கோருவது கடினம். திட்டங்களிலும் அதற்கு இடமிராது. படத்தில் இடம்பெறாத பயிர், நாளடைவில் நிலத்திலும் இடமிழக்க நேரும்.

முடிவுரை

உணவின் எதிர்காலம் குறித்த ஒளிப்படங்களுக்கு வான்நோக்கும் தரைநோக்கும் ஒருசேரத் தேவை. முன்னது அளவை உணர்த்தும். பின்னது அவ்வளவைத் தாங்கும் கைகளை உணர்த்தும். ஒரே புன்செய்யை விதைப்பு முதல் உலக்கை வரை ஒரு பருவம் முழுவதும் தொடர்ந்து பதிவு செய்யும் முறை, தனிப்படத்தின் குறைகளைப் பெரிதும் ஈடுசெய்யும். பொம்மிடி போன்ற வட்டாரங்களில் அப்பணியைக் கல்லூரிகளின் தமிழ், வேளாண், காட்சித் தொடர்பியல் துறைகள் இணைந்து மேற்கொள்ள இயலும். பயிர்களின் வட்டாரப் பெயர்களும் உழவர் தரும் விளக்கங்களும் படங்களோடு சேர்ந்து பதிவாகும்போது, அத்தொகுப்பு எதிர்கால ஆய்வுகளுக்கும் திட்டங்களுக்கும் ஒருங்கே நம்பத்தக்க சான்றாக அமையும்.